தெரியாது என்றொரு கட்டம்

குடும்பம் என்றால் என்ன என்று முடிவுகட்ட அவர்களுக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

பதினான்கு நாடுகளில் ஒரே சமயத்தில் எடுக்கப்போகிற கணக்கெடுப்பு. ஜனங்கள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள், பெற்றது எல்லாம் எங்கே போகிறது, வயசானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லா நாட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்கவேண்டும். அந்தக் கேள்விகளைத் தயார் செய்யும் பொறுப்பு, ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஆபீஸின் தலையில் வந்து விழுந்திருந்தது. கீழே லாரி டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தால் மேலே கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். மானுடத்தின் எதிர்காலம் பற்றிய விவாதம் காற்று நிரம்பும்வரை காத்திருக்கும்.

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்கதான் குடும்பம்" என்றார் ஒருவர்.

"அப்போ ஹாஸ்டல்ல இருநூறு பேர் ஒரு குடும்பமா?"

"ஒரே கூரைக்குக் கீழ தூங்குறவங்கன்னு வச்சுக்குவோம்."

"நைட் டூட்டிக்காரன் என்ன பாவம் செஞ்சான்?" என்றார் கம்ப்யூட்டர்காரர். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிறவள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பொன்மொழி வரப்போகிறது என்று அர்த்தம். "சர்வதேச அளவில் பார்த்தால், குடும்பம் என்பது ஒரு நிகழ்வுப்போக்கு" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். எந்த வாக்கியத்தையும் அந்த வார்த்தையை வைத்தே ஆரம்பிப்பார் என்பதால் ஆபீஸில் அவருக்குச் சர்வதேசம் என்றே பெயர். டீ ஆறிப்போய்விட்டது என்பதைக்கூட சர்வதேச அளவில்தான் சொல்வார்.

இந்தக் கூட்டத்தில் மேஜையின் கடைசியில், ஃபேன் காற்று எட்டாத நாற்காலியில், ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். கள மேற்பார்வையாளர் என்பது பதவி. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டுக் கேட்டுச் செருப்பைத் தேய்த்தவள். அந்த அறையில் குடும்பங்களை நேரில் பார்த்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளை யாரும் அதிகம் கேட்பதில்லை.

பதினோராம் நாள் ஒரே ஒரு தடவை கேட்டார்கள்.

படிவத்தில் நாற்பத்தொன்றாவது கேள்வி. பெற்ற பிள்ளைகளை மூத்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 'உயிருடன் இருக்கிறாரா?' என்று கேட்கவேண்டும். அதற்கு மூன்று கட்டங்கள். ஆம். இல்லை. தெரியாது.

"இந்த மூணாவது எதுக்கு?" என்றார் சர்வதேசம். "அட்டவணையில 'தெரியாது'ன்னு ஒரு பத்தி வந்தா, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். நீங்க சொல்லுங்க மேடம். இத்தனை வருஷம் களத்துல இருந்திருக்கீங்க. தான் பெத்த பிள்ளை இருக்கா இல்லையான்னு ஒரு தாய்க்குத் தெரியாம இருக்குமா?"

பத்துத் தலைகள் அவள் பக்கம் திரும்பின. நல்லவேளையாகக் கீழே காற்றடிக்க ஆரம்பித்தார்கள். அது நின்றபோது அவள் சொன்னாள்.

"இருக்காது சார்."

கம்ப்யூட்டர்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். மூன்றாவது கட்டம் போய்விட்டது.

அப்படி ஏன் சொன்னாள் என்றால், ஆபீஸ் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, பிள்ளைகள் என்ற இடத்தில், ஒன்று என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். இங்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூடச் சொன்னால் அடுத்த கேள்வி அவளை நோக்கித்தான் வரும். கேள்வி கேட்கிறவளுக்கு அது தெரியாதா?

* * *

அவள் வீடு பெரிய ரோட்டை ஒட்டிய சந்தில் முதல் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ரோட்டைப் பார்த்த ஒரு கதவு. கதவில் ஒரு பழைய பித்தளைப் பூட்டு, மரத்துக்குள்ளேயே பதித்தது. பெரிய பஸ் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டு இரண்டு தரம் 'டக், டக்' என்று அடித்துக்கொள்ளும். வெளியே யாரோ சாவியை நுழைத்து, அது சரியாக உட்காராமல் திரும்பவும் நுழைக்கிற மாதிரியே இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவளும் புருஷனும் மெல்லுவதை நிறுத்துவார்கள். பஸ் தாண்டிப் போன பிறகு மெல்லுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு முப்பது பஸ். ஒன்பது வருஷம்.

இதில் வேடிக்கை, புருஷனுக்குத் தொழிலே பூட்டு. மார்க்கெட் முனையில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி அறுக்கும் மெஷின் போட்டிருக்கிறார். அரை ஊர் அவர் மாட்டிய பூட்டைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போகிறது. பூட்டுக்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். அவர் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கவேண்டுமென்றால் மட்டும் சாவியைப் பாதி நுழைத்து, கொஞ்சம் மேலே தூக்கி, மூச்சைப் பிடித்து, இடது பக்கம் நெளித்து, முழங்காலால் கதவை ஒரு தள்ளு தள்ளவேண்டும்.

"பூட்டை மாத்துங்களேன்" என்பாள் அவள்.

"நேரம் இல்லை" என்பார் அவர். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துப்போயிற்று. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவன் என்று ஒருவன் அந்த வீட்டில் இருந்தான். அப்பாவோடு கடையில் சாவி அறுத்துக்கொண்டிருந்தான். கை அப்பாவை விட நறுவிசு. இருபத்தொரு வயசில், அவன் சாவி போட்டுக்கொடுத்த ஒரு வீட்டில் திருட்டுப் போயிற்று. பூட்டு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்காரன் கடை வாசலில் வந்து நின்று கத்தினான். கூட்டம் கூடியது. பூட்டுக்காரருக்குத் தொழில் மானம் பெரிசு. அத்தனை பேர் முன்னால் மகனைப் பார்த்து, "இன்னொரு சாவி அறுத்தியாடா?" என்று கேட்டார்.

கேட்டது அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. பெரியவன் மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்து, துணியை மடித்து வைத்துவிட்டுப் போனான். சட்டைப் பையில் வீட்டுச் சாவி மட்டும் இருந்தது. இருபது நாள் கழித்து, திருடியது அந்த வீட்டுக்காரனின் மச்சினன் என்று தெரிந்தது. அதற்குள் பெரியவனின் போன் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்திருந்தது. ஸ்டேஷனில், "வயசு வந்த பையன், தானா போயிருக்கான், தானா வருவான்" என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் பூட்டுக்காரருக்குப் பிள்ளை ஒன்று. ரேஷன் அட்டைக்கு ஒன்று, வாக்காளர் பட்டியலுக்கு ஒன்று, கல்யாணப் பத்திரிகை நீட்டியவர்களுக்கும் ஒன்று. கோபத்தில் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். அவளும் சேர்ந்து ஒன்று என்றாள். வீட்டுக்குள் அவன் பெயர் பேச்சில் வருவது நின்றுபோயிற்று. பூட்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

* * *

படிவத்தைக் களத்தில் இறக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் விடவேண்டும். அதற்கென்று ஒதுக்கியது எல்லாம் துவக்க விழாவுக்கு நட்ட தட்டியிலும் மேடைப் பூங்கொத்திலும் போய்விட்டதால், சர்வதேசம் ஒரு யோசனை சொன்னார். "நம்ம ஊழியர்களே முதல் பதிலாளிகளா இருப்போம். இது சர்வதேச அளவில் ஒரு முன்மாதிரி." தன் வீட்டுக்கு மட்டும் அந்த வாரம் வெள்ளையடிக்கிறார்கள் என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்தவள் இரட்டைக்காரி. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் அந்தப் பெயர். முன்பு இன்சூரன்ஸ் விற்றவள், அதனால் எந்த வீட்டிலும் கூச்சமில்லாமல் நுழைவாள். சனிக்கிழமை மத்தியானம், வெயில் ரோட்டில் தார் வாசனையைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் தட்டினாள். பூட்டுக்காரர் உள்ளேயிருந்து நெளித்து, தூக்கி, தள்ளித் திறப்பதற்குள் அவளுக்கு வெளியே வேர்த்துவிட்டது.

"என்னண்ணே, ஊரெல்லாம் உங்க பூட்டு பட்டுன்னு திறக்குது. உங்க வீட்ல இப்படி மல்லுக்கட்டணுமா?"

"உள்ள வாம்மா" என்றார் அவர்.

டீ கொடுத்தார்கள். இரட்டைக்காரி டேப்லெட்டைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊழியர் வீட்டில் முதலில் புருஷனைக் கேட்கவேண்டும், பிறகு மனைவியை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. அந்த யோசனை அக்காவுடையதுதான்.

"அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ஒண்ணு. பொண்ணு."

"உயிரோட இருக்காங்களா? கோவிச்சுக்காதீங்க, கேள்வி அப்படி."

"நேத்துக்கூட வந்து என் சட்டை அழுக்கா இருக்குன்னு சண்டை போட்டுட்டுப் போச்சு. இருக்கு."

"இங்கேயிருந்து அவங்க வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நிமிஷத்துல சொல்லணும்."

"நடந்தா பத்து நிமிஷம். புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தா அஞ்சு."

இரட்டைக்காரி சிரித்துக்கொண்டே பத்து என்று போட்டாள். "என் மாமியார் வீடு நாப்பது நிமிஷம்ணே. எனக்கு நாலு நிமிஷத்துல வந்துடுற மாதிரியே இருக்கு." பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, இப்ப நீங்க. கேள்வியெல்லாம் உங்களுக்கே மனப்பாடம், இருந்தாலும் நான் வாசிக்கணும். நீங்க பெத்த பிள்ளைங்க எத்தனை?"

அவளுக்கு வாயில் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஒன்பது வருஷம் சொல்லிப் பழகியது. ஆனால் அந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களிடம் அவள் அல்லவா கேட்டாள்? யாரும் ஒரு தடவைகூட அவளைப் பார்த்து, அவள் கண்ணைப் பார்த்து, கேட்டதில்லை. பதிவேடுகளில் அவளாக நிரப்பியதோடு சரி.

"ரெண்டு" என்றாள்.

பூட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். டேப்லெட்டில் ஒரு சிவப்புக் கோடு வந்தது: பதில்கள் ஒத்துப்போகவில்லை.

"ரெண்டா அக்கா?" இரட்டைக்காரி புருஷனைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். இன்சூரன்ஸ் விற்ற காலத்திலேயே எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டவள். மெதுவாக வாசித்தாள். "மூத்தவர்... உயிருடன் இருக்கிறாரா?"

இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

அக்கா அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் என்று நினைவில்லை, முன்பு ஒருத்தி இதே கேள்விக்குப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே பாத்திரத்தை. தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும் போலத் தேய்த்தாள். இன்னொருத்தி, "அதை நான் என்னன்னும்மா சொல்றது?" என்று இவளையே திருப்பிக் கேட்டாள். அப்போது காகிதப் படிவம். ஓரத்தில் பென்சிலால் 'தெரியாது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள், வெயிலுக்கு முன்னால் முடிக்கவேண்டுமே. அந்தப் பெண்கள் எல்லாரும் இப்போது அந்தச் சின்ன அறையில் சுவரோரமாக வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டக், டக்.

"யாரோ சாவி போடுறாங்க" என்று இரட்டைக்காரி எழுந்தாள்.

"பஸ்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.

பூட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். "கடையில ஆளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் எந்தக் காலத்திலும் ஆள் இருந்ததில்லை. இரட்டைக்காரி எந்தக் கட்டத்தையும் தொடாமல் அடுத்த பக்கம் போகலாம் என்று பார்த்தாள். டேப்லெட் விடவில்லை. ஒன்றைத் தொட்டால்தான் நகரும். அப்படிச் செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டர்காரருக்கு எழுதிக்கொடுத்தவளும் அக்காதான்.

"முடியலைன்னு எழுதிக்கோ" என்றாள் அக்கா.

"சரிக்கா." வாசலில் நின்று தயங்கினாள். "என்ன பேருக்கா?"

அக்கா சொன்னாள். அந்தச் சத்தத்தை வீடே மறந்துபோயிருந்தது.

* * *

திங்கட்கிழமை படிவத்தை முத்திரை வைத்து மூடிவிடப் போகிறார்கள். பதினான்கு நாட்டுக்காரர்களும் திரையில் வருவார்கள். அதற்குப் பிறகு ஒரு கமாவை மாற்றக்கூட முடியாது.

காலையில் அவள் ஆபீஸுக்குக் கிளம்பிக் கதவைப் பூட்ட, சாவி பாதியில் சிக்கிக்கொண்டது. தூக்கினாள், நெளித்தாள். விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இரண்டு நாளாகப் பேசாமல் இருந்த வீடு அங்கேதான் வெடித்தது.

"ஊர்ல இருக்கிறவன் கதவுக்கெல்லாம் புதுசு புதுசா மாட்டத் தெரியுது! பொண்டாட்டி தினமும் இந்தக் கதவோட சண்டை போட்டாத் தெரியலையா? ஒரு பூட்டு மாத்தினா குறைஞ்சா போயிடுவீங்க? ஒன்பது வருஷமா இதே பாட்டு!"

பூட்டுக்காரர் அவள் கையிலிருந்து சாவியை வாங்கினார். மெதுவாக, ஒரு குழந்தையின் காதைத் திருப்புகிற மாதிரி திருப்பினார். பூட்டிக்கொண்டது.

"மாத்தினா" என்றார், கதவைப் பார்த்தபடியே. "அவன்கிட்ட இருக்கிற சாவி சேராது."

சாவியை அவள் கையில் வைத்துவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார். அவள் பஸ் ஸ்டாப்புக்கு வந்து இரண்டு பஸ்ஸை விட்டாள்.

* * *

சர்வதேசம் புதுக் கோட்டு போட்டிருந்தார். சுவரில் பெரிய திரை, அதில் பதினான்கு சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் தூக்கம் கலையாத ஒரு முகம். சிலர் நாட்டில் அப்போது விடியவில்லை.

"இத்துடன் படிவத்தை நிறைவு செய்கிறோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார், பதில் வராது என்ற நம்பிக்கையில்.

"எனக்கு இருக்கு சார்" என்றாள் அக்கா.

ஃபேன் சத்தம் கேட்டது.

"நாற்பத்தொண்ணாவது கேள்வி. நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த மூணாவது கட்டம் வேணும்."

"மேடம், அது விவாதிச்சு முடிவானது. நீங்களே..."

"நானேதான் சார். அதனாலதான் சொல்றேன்." டேப்லெட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "நீங்க கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

பதினான்கு நாடு பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? சர்வதேசம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துவக்க விழாக் குரலில் வாசித்தார். "நீங்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை?"

"ரெண்டு."

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் நிமிர்ந்தார்.

"மூத்தவர் உயிருடன் இருக்கிறாரா?"

அவள் பதில் சொல்லவில்லை.

சர்வதேசம் காத்திருந்தார். சிரித்துப் பார்த்தார். இருமினார். கீழே யாராவது காற்றடிக்கமாட்டார்களா என்று ஜன்னலைப் பார்த்தார், அன்றைக்கென்று டயர் கடை விடுமுறை. திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. டேப்லெட் வெளிச்சம் மங்கியது.

"மேடம், நடிக்கவேண்டாம். உண்மையான பதிலைச் சொல்லுங்க."

"உண்மையான பதில் இதுதான் சார்."

அப்புறம் மேல் வரிசையில் மூன்றாவது சதுரத்திலிருந்த பெண், இத்தனை நாள் கூட்டத்தில் வாயே திறக்காதவள், ஒரு வாக்கியம் சொன்னாள். மொழிபெயர்ப்பவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அதைச் சொன்னார்: "எங்க நாட்லயும் அந்தக் கட்டம் வேணும்." கீழ் வரிசையில் இன்னொருவர் கையைத் தூக்கினார். இன்னொருவர். கம்ப்யூட்டர்காரர் யாரையும் கேட்காமல் கட்டத்தைத் திரும்பப் போட்டுவிட்டார்.

சர்வதேசம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரம்பத்திலிருந்தே நான் வலியுறுத்தி வந்தது இதைத்தான்" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குத் 'தெரியாது' என்று பெயர் வைப்பதா, 'தகவல் இல்லை' என்று வைப்பதா என்று நாற்பது நிமிஷம் விவாதம் நடந்தது.

* * *

அடுத்த சனிக்கிழமை, விட்டுப்போன படிவத்தை முடிக்க இரட்டைக்காரி திரும்ப வந்தாள். இந்தத் தடவை கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூட்டுக்காரர் கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போன தடவை ஒண்ணுன்னீங்க."

"ரெண்டு" என்றார் அவர். "திருத்திக்கோம்மா."

சிவப்புக் கோடு போய்விட்டது. அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மூத்தவர் உயிருடன் இருக்கிறாரா? இப்ப மூணு கட்டம் இருக்குண்ணே. அக்கா சண்டை போட்டு வாங்கினது. ஆம், இல்லை, தெரியாது."

அக்காவின் விரல் மூன்றாவதை நோக்கித்தான் போயிற்று. அவள் கேட்டு வாங்கிய கட்டம். நேர்மையான கட்டம். பாதி வழியில் பூட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பெரியவன் போனதற்குப் பிறகு, வேறு ஆள் முன்னால் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அது தெரியாதவங்களுக்கு" என்றார். "இருக்கான்னு போடு."

அக்கா அவரைப் பார்த்தாள். இரட்டைக்காரி அவள் தலையசைக்கும்வரை காத்திருந்து, 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

டேப்லெட் உடனே அடுத்த கேள்விக்குத் தாவியது. 'ஆம்' என்றால் அங்கேதான் தாவும், அக்கா போட்ட பாதைதான் அது. அந்த ஒரு கட்டத்துக்காக அத்தனை பேரோடு மோதினவள் இந்தக் கேள்வியை மறந்தே போயிருந்தாள்.

இரட்டைக்காரி ஒரு தரம் மனசுக்குள் வாசித்துப் பார்த்தாள். வாசிக்காமல் இருக்க வழியில்லை.

"இங்கேயிருந்து அவர் இருக்கிற இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. பூட்டுக்காரர் அந்த நிழலை எண்ணுகிற மாதிரி பார்த்தார்.

"போறதுக்குத் தெரியலைம்மா" என்றார். "வர்றதுக்கு ஒன்பது வருஷம் ஆகுது."

இரட்டைக்காரி எண்களின்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். "நிமிஷத்துலதான் எடுக்கும்ணே. மூணு இலக்கம்தான். ஒன்பது வருஷம் இதுல கொள்ளாது."

வெளியே பெரிய பஸ் ஒன்று சந்து முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

டக், டக்.

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரும் பஸ் என்று சொல்லவில்லை.